விடியற்காலை நாலரைக்கே எழுப்பும் பூனை: பசியா, பழக்கமா?

கேள்வி:
இரண்டு வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது, எடை 4 கிலோ. காலை ஆறரைக்கும் இரவு எட்டுக்கும் உலர் தீனி. நாலரைக்கே தலைமாட்டில் உட்கார்ந்து குர்ர்ர் என்கிறது. எழாவிட்டால் மியாவ். எப்படி நிறுத்துவது?

பதில் 1:
அந்த குர்ர்ர் வேறு, மடியில் படுத்துக்கொண்டு விடும் குர்ர்ர் வேறு. சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் காரென் மெக்கோம்ப் குழு 2009-ல் இரண்டையும் பதிவுசெய்து ஒப்பிட்டது. தீனி கேட்கும் ஒலியின் அடிக்குரலுக்குள் 220 முதல் 520 ஹெர்ட்ஸ் வரை ஒரு அழுகுரல் கலந்திருந்தது. கைக்குழந்தையின் அழுகையும் ஏறக்குறைய அந்த வரம்பில்தான். பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் கேட்டது. அதனால்தான் காதில் வாங்காமல் தூங்க முடிவதில்லை.

மியாவும் அப்படித்தான். குட்டி தாயைக் கூப்பிடும் சத்தம் அது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதை அநேகமாகப் போடுவதில்லை. நம்மிடம் பலிப்பதால் விடுவதில்லை.

பதில் 2:
எட்டிலிருந்து ஆறரை வரை பத்தரை மணி நேர இடைவெளி, பூனைக்கு அது நீளம். மொத்த அளவைக் கூட்டாதீர்கள், பிரித்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு 50 கிராம் என்றால் காலை 15, மாலை 15, படுக்கப்போகும் முன் 20. கடைசி வேளைக்கு முன் பத்து நிமிடம் கயிறோ இறகோ காட்டி ஓடவிடுங்கள்.

காலையில் எழுந்த கையோடு கிண்ணத்தைத் தொடாதீர்கள். பல் துலக்கி, பால் காய்ச்சி, அரை மணி கழித்து, அது வாய் மூடியிருக்கும்போது வையுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும். நேற்றுவரை பலித்தது இன்று பலிக்காததால் இன்னும் உரக்க முயலும். பலரும் தோற்பது இங்கேதான். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு பிடி போட்டால், அவ்வளவு நாள் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். திட்டுவதும் கவனிப்புதான். விரட்டக்கூட எழ வேண்டாம்.

பதில் 3:
இதையெல்லாம் தொடங்கும் முன் மணல் தட்டைப் பாருங்கள். ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கி, கத்தி, சிறுநீர் சொட்டாகவோ வராமலோ இருந்தால் பாதை அடைத்திருக்கலாம். விடியும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பத்து வயது தாண்டிய பூனை புதிதாக இரவில் ஊளையிட்டால் தைராய்டு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சிறுநீர் சரியாகப் போகிறது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு காலில் உரசுவதும் தீனிக்குத்தானா?

பதில் 1:
வால் நிமிர்ந்தால் நட்போடு வருகிறது என்று பொருள். பூனைகள் தங்களுக்குள்ளும் அப்படித்தான் அணுகும். கன்னத்தில் மணச்சுரப்பிகள் உண்டு, உரசும்போது அந்த வாசனை உங்கள்மேல் ஒட்டும். பகலில் அப்படி வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். நாலரைக்கு மட்டும் வேண்டாம்.