சமையல்காரருக்கு 'எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி' என்று சம்பளம் பேசலாமா?

தோசைக்கல்
சிங்கப்பூர் தேக்காவில் சின்னச் சாப்பாட்டுக் கடை, அடுத்த மாதம் திறக்கிறோம். சமையலுக்கு இரண்டு பேர். ஒருவர் சிங்கப்பூரர், இன்னொருவர் வொர்க் பெர்மிட்டில் வரவேண்டிய மலேசியர். வார இறுதியில் கல்லாவுக்கு ஓர் அக்கா (சிங்கப்பூரர், 50 வயது), மாதம் 480 வெள்ளி. சமையல்காரர்களுக்கு நாளுக்கு 10 மணி நேரம், வாரம் 6 நாள், ஓடி (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) உட்பட எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி என்று வாய்ப்பேச்சில் முடித்திருக்கிறோம். இது செல்லுமா? 480 வெள்ளிக்கும் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கட்டணுமா? பாத்திரம் உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கணக்குப்பிள்ளை
வாய்ப்பேச்சு முதலில் எழுத்துக்கு வரட்டும். 14 நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வைக்கும் யாருக்கும், சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினாலும் போதும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி விகிதம், விடுப்பு, நோட்டீஸ் காலம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். 'எல்லாம் சேர்த்து' மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடிப்படை எவ்வளவு, ஓடி எவ்வளவு என்று பிரிக்காமல் விட்டால், ஆள் புகார் கொடுக்கும் நாளில் 2,400 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வாதிட அவருக்கு வசதியாகிவிடும். அப்படி ஆனால் எவ்வளவு வரும் என்று பாருங்கள்:

ஒரு மணி நேரக் கூலி = 12 × 2,400 ÷ (52 × 44) = 12.59 வெள்ளி.
ஓடி 1.5 மடங்கு = 18.88 வெள்ளி.
வாரம் 60 மணி நேரத்தில் 44 போக 16 மணி நேரம் ஓடி. மாதத்துக்குச் சராசரி 69.3 மணி நேரம்.
ஆக, மாதம் சுமார் 1,309 வெள்ளி, 2,400-க்கு மேல், ஒரு ஆளுக்கு.

வாரம் 44 மணி நேரம், ஓடி, ஓய்வு நாள் விதிகள் உடலுழைப்பு ஊழியருக்கு 4,500 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வரைக்கும், மற்றவர்களுக்கு 2,600 வரைக்கும். சமையல்காரர் இதில் எந்த வகை என்ற சர்ச்சையே உங்களுக்கு வேண்டாம், 2,400 இரண்டுக்கும் உள்ளேதான். ஓடிக்கு மாத உச்சவரம்பு 72 மணி நேரம். உங்கள் அட்டவணையே 69-ஐத் தொடுகிறது. ஒருவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்து மற்றவர் இரண்டு நாள் கூட நின்றால் வரம்பு தாண்டிவிடும்.

சிராங்கூன் ரோடு
பிரிச்சு எழுதிட்டா போச்சுன்னு சிலர் சொல்வாங்க. அதே 2,400-ஐ 60 மணி நேரத்துக்குப் பிரிச்சா அடிப்படை 1,553, ஓடி 847. கணக்கு சரிதான், ஆனா வெளிநாட்டு ஆள் வைக்கிற கடைக்கு ஒத்துவராது. உணவுத் துறையில 2023 மார்ச் 1-லேர்ந்து படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கு. வெளிநாட்டு ஊழியர் வைச்சிருக்கிற கடை உள்ளூர் சமையல்காரருக்கு அதுல இருக்கிற குறைஞ்சபட்சச் சம்பளத்தைக் கொடுத்தே ஆகணும். 1,553 அதுக்கு ரொம்பக் கீழ. மலேசியர் விஷயத்துல பெர்மிட் விண்ணப்பத்துல எழுதின அடிப்படைச் சம்பளத்தைப் பின்னாடி இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. அவரோட எழுத்துச் சம்மதம் வேணும், எம்ஓஎம்முக்கும் (மனிதவள அமைச்சு) முன்கூட்டியே தெரிவிக்கணும்.

அதனால நேரத்தைக் குறைங்க. ஒருத்தர் காலைக்கு, ஒருத்தர் மாலைக்கு, மதிய நெரிசல்ல மட்டும் ரெண்டு பேரும். நாளுக்கு 8 மணி நேரம், 6 நாள்னா வாரம் 4 மணி நேரம்தான் ஓடி, மாசம் சுமார் 327 வெள்ளி. சாப்பாட்டு இடைவேளையை வேலை நேரத்துல சேர்க்க வேண்டாம், ஆனா இடைவேளை இல்லாம தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல நிக்க வைக்கக் கூடாது.

அதுக்கு முன்னாடி கோட்டா பாத்தீங்களா? சேவைத் துறையில வொர்க் பெர்மிட் மொத்த ஆளுல 35 விழுக்காடுதான். ஒரு பெர்மிட்டுக்கு முழு ஆளா எண்ணப்படுற உள்ளூர்க்காரர் ரெண்டு பேர் வேணும். 2024 ஜூலை கணக்குப்படி 1,600 வெள்ளி வாங்கினா முழு ஆள், 800-லேர்ந்து 1,600-க்குள்ள அரை ஆள். உங்க கல்லா அக்கா 480-க்குப் பூஜ்யம். அதாவது இப்போதைக்கு அந்த மலேசியருக்குப் பெர்மிட்டே கிடைக்காது. இந்தியாவுலேர்ந்து சமையல்காரர் கொண்டு வரலாமேன்னு ஏஜென்ட் யாராவது சொன்னா, அதுக்கு நிலையான மாசச் சம்பளம் குறைஞ்சது 2,000, கோட்டா 8 விழுக்காடு. மூணு பேர் கடைக்கு அது கனவு. விண்ணப்பிக்கிற அன்னைக்கு எம்ஓஎம் தளத்துல தொகையெல்லாம் ஒரு தடவை சரிபாத்துக்குங்க, இதெல்லாம் உயர்ந்துகிட்டே இருக்கு.

கணக்குப்பிள்ளை
கோட்டாவை நான் கவனிக்கவில்லை, சரியான கேள்வி.

480-க்கு சிபிஎஃப் உண்டு. மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கும் சிங்கப்பூரர், நிரந்தரவாசி எல்லாருக்கும் உண்டு. 500 வரை ஊழியர் பங்கு கிடையாது, முதலாளி பங்கு மட்டும். 55 வயதுக்கு உட்பட்டவருக்கு 17 விழுக்காடு, 81.60 வரும், முழு வெள்ளியாக்கி 82. அவர் சம்பளத்திலிருந்து எதையும் பிடிக்காதீர்கள். அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி, குறைந்தது 5 வெள்ளி. கூடவே திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி. இது வெளிநாட்டு ஊழியருக்கும் சேர்த்துத்தான், பலர் விட்டுவிடுவது இதைத்தான். பகுதிநேரம் என்பதால் அந்த அக்காவுக்கு ஆண்டு விடுப்போ எம்சியோ இல்லை என்று ஆகாது. அவர் வேலை நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கொடுக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு சம்பளத்தோடு, இல்லையென்றால் 3 வேலை நாளுக்குள். கையால் எழுதினாலும் செல்லும், எம்ஓஎம் மாதிரிப் படிவமே வைத்திருக்கிறது. சம்பளம் மாதம் முடிந்த 7 நாளுக்குள், ஓடி 14 நாளுக்குள். ரொக்கம் சட்டவிரோதமல்ல, ஆனாலும் வங்கியில் போடுங்கள். கையெழுத்து வாங்கிய காகிதம் தொலைந்துபோகும், வங்கிப் பதிவு தொலையாது.

காப்பி ஓ
பாத்திரம் பற்றி யாரும் சொல்லவில்லை. பிடிக்கலாம், ஆனால் அந்த ஆளின் தவறுதான் என்று விசாரித்து, அவர் பதிலையும் கேட்டுவிட்டுத்தான். ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, ஒரே தடவையில் பிடித்து முடிக்க வேண்டும். 'உடைந்தால் எல்லாரும் பங்கு' என்று சுவரில் ஒட்டுவது இதற்கு ஒத்துவராது. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வைப் பணத்தை மலேசியர் சம்பளத்தில் பிடிப்பதோ, அவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பதோ நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வேலைக்காயக் காப்புறுதி எடுத்தீர்களா? உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவானாலும் கட்டாயம். கொதிக்கும் எண்ணெயும் வழுக்கும் தரையும் உள்ள இடம் அது. காப்புறுதி இல்லாமல் மாட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை.

தோசைக்கல்
எல்லாருக்கும் நன்றி. பெர்மிட்டை இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறேன், ரெண்டாவது ஆளும் உள்ளூர்க்காரராகவே பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: தீபாவளி அன்று கடையை மூட முடியாது. என்ன கொடுக்கணும்?

சிராங்கூன் ரோடு
மாசச் சம்பளத்துல அந்த நாள் ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல இன்னொரு நாள் அடிப்படைச் சம்பளம்: 12 × 2,400 ÷ (52 × 6) = 92.31 வெள்ளி. இல்லேன்னா நீங்களும் சமையல்காரரும் ஒத்துக்கிட்டா வேற நாள் விடுமுறை. தீபாவளி அவரோட ஓய்வு நாள்ல விழுந்தா அடுத்த வேலை நாள் விடுமுறை. ஓய்வு நாள்ல நீங்க கூப்பிட்டு அரை நாளுக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு நாள் சம்பளம், 184.62. அவரே கேட்டு வந்தா ஒரு நாள் சம்பளம் போதும், ஆனா கேட்டதுக்கு எழுத்துல ஒரு மெசேஜாவது வச்சுக்குங்க. ஓய்வு நாள் எந்தெந்த நாள்னு மாசம் பொறக்குறதுக்கு முன்னாடியே அட்டவணை போட்டுச் சொல்லிடணும்.