சேலைப் போர்வைக்கு உள்ளே என்ன வைக்கலாம்?

அக்காமாரே, ஒரு உதவி. கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் பிள்ளைகளுக்கும் தோழிகளுக்கும் கொடுக்க, பழைய காட்டன் சேலைகளை ஒட்டுப் போட்டு கையாலேயே குயில்ட் போர்வை தைக்கிறேன். மேல்துணி ரெடி. அம்மாவோட சுங்குடிச் சேலையைத் துண்டு போடத்தான் மனசு வரல. முந்தானையை முழுசா நடுவில் வச்சுட்டேன்.

பிரச்சனை உள்ளே வைக்கிற பஞ்சுதான். பாலியஸ்டர் ஷீட் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு வேர்த்துக் கொட்டும். பருத்திப் பஞ்சுன்னா நெருக்கமா ஓட்டுத் தையல் போடணும், இல்லன்னா துவைக்கும்போது மூலையில் திரண்டுடும். ரெண்டு பருவமழையும் பெய்யுற மாவட்டம் வேற, கனமா இருந்தா காயவே காயாது. பேசாம இன்னொரு சேலையையே மடிச்சு வச்சுடலாமா? அப்படித் தைச்சவங்க சொல்லுங்க.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மெல்லிசான பஞ்சு விரிப்பு மீட்டர் கணக்கில் எங்கே கிடைக்கும்? சாயம் போற சிவப்புத் துணியும் ஒண்ணு இருக்கு. உப்புத்தண்ணியில் ஊறவச்சா நிக்குமா, இல்ல அதை விட்டுடவா?