‘ரூப் கோல்ட்பர்க் இயந்திரம்’: பொருளும் தமிழாக்கமும்

கேள்வி:

வணக்கம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு முறையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் ஆசிரியர் அம்முறையை ‘ரூப் கோல்ட்பர்க் இயந்திரம்’ என்கிறார். ‘ரூப்’ என்பதை மட்டும் அகராதியில் தேடியபோது ‘பட்டிக்காட்டான்’ என்ற பொருள் கிடைத்ததால், இது யாரையேனும் இழிவுபடுத்தும் தொடரோ என்ற தயக்கம் ஏற்பட்டது. அது ஒரு கேலிச்சித்திரக்காரரின் பெயர் என்கிறார் நண்பர். அப்படியானால் ஓர் ஆளின் பெயர் இயந்திரத்துக்கு அடைமொழியானது எவ்வாறு? ‘சிக்கலான இயந்திரம்’ என்று எழுதினால் போதுமா?

மறுமொழி 1:

நண்பர் சொன்னது சரி. ‘ரூபன்’ என்ற விவிலியப் பெயரின் சுருக்கமே ‘ரூப்’. நாட்டுப்புறத்தாரைக் கேலி செய்யும் அமெரிக்க வழக்குச் சொல்லும் அதே பெயரிலிருந்து வந்ததுதான் என்றாலும், இந்தத் தொடரில் அந்தப் பொருளின் சாயல் துளியும் இல்லை. 1883-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த கோல்ட்பர்க், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, நகரத்தின் குடிநீர், கழிவுநீர்த் துறையில் சில மாதங்கள் வேலை பார்த்தபின் பத்திரிகை ஓவியரானவர். பொறியியல் படித்தவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது, ஏனெனில் அவர் கேலி செய்தது தம் சொந்தத் துறையின் மனப்போக்கையே.

அவருடைய ‘தானே இயங்கும் கைக்குட்டை’ என்ற சித்திரத்தைப் பாருங்கள். ஒருவர் சூப்பைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோகிறார். கரண்டியில் கட்டிய கயிறு ஓர் அகப்பையைச் சுண்ட, அதிலிருந்த பிஸ்கட் கிளியைத் தாண்டிப் பறக்கிறது. கிளி அதைப் பிடிக்கத் தாவியதும் அது அமர்ந்திருந்த கட்டை சாய்ந்து, விதைகள் வாளியில் கொட்டுகின்றன. வாளியின் கனம் மற்றொரு கயிற்றை இழுத்துச் சுருட்டு பற்றவைக்கும் கருவியை எரியவைக்கிறது. அந்த நெருப்பில் வாணம் சீறிக் கிளம்ப, அதனோடு சேர்ந்த அரிவாள் ஒரு நூலை அறுக்கிறது. நூல் அறுந்ததும் ஊசல் ஆடி, அதில் தொங்கும் துணி அவருடைய மோவாயைத் துடைக்கிறது. கையால் ஒரு நொடியில் துடைத்திருக்கலாம்.

இதனால்தான் ‘சிக்கலான’ என்பது போதாது. கைக்கடிகாரமும் சிக்கலானதுதான், ஆனால் அந்தச் சிக்கல் தேவையானது. கோல்ட்பர்க் பெயரைச் சொன்னால், அற்ப வேலைக்கு அளவுக்கு மீறிய ஏற்பாடு என்று பொருள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1931-லேயே இப்பெயரைப் பெயரடையாகச் சேர்த்துக்கொண்டது. அவரோ 1970 வரை வாழ்ந்தார். தம் பெயரை அகராதியில் சொல்லாகப் பார்க்கும் பேறு எத்தனை ஓவியர்களுக்கு வாய்க்கும்!

மறுமொழி 2:

இவ்வளவு விளக்கம் எதற்கு? ‘தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது’ என்று நம்மிடமே ஒரு வழக்கு இருக்கிறது. வாசகருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

மறுமொழி 3:

அந்த வழக்கு பாதிப் பொருளைத்தான் தருகிறது. தலையைச் சுற்றுவது ஒரே கை. கோல்ட்பர்க்கின் ஏற்பாட்டிலோ கயிறு, கிளி, வாளி, வாணம் என்று ஒன்றை நம்பி மற்றொன்று நிற்கிறது. கிளிக்குப் பசியில்லையென்றால் மோவாய் துடைக்கப்படாது. ஓர் அரசுத் திட்டத்தையோ சட்டத்தையோ இப்பெயரால் குறிப்பிடுவோர் பெரும்பாலும் இந்தப் பலவீனத்தையும் சேர்த்தே சுட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் எழுத்தாளராக இருந்தால் அவர் ‘ஹீத் ராபின்சன்’ என்று எழுதியிருக்கக்கூடும். அதுவும் ஓர் ஓவியரின் பெயரே; லண்டனைச் சேர்ந்த அவர் 1944-இல் மறைந்தார். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், ஹீத் ராபின்சன் என்றால் முடிச்சுப் போட்ட கயிறும் ஒட்டுவேலையுமாக எப்படியோ ஓடுகிற கருவி என்ற சாயல் கூடுதலாக உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய இரகசியச் செய்திகளை உடைக்க 1943-இல் அமைத்த இயந்திரத்துக்கு இப்பெயரே வழங்கியது. இரண்டு காகித நாடாக்கள் ஒத்திசைந்து மிக வேகமாக ஓட வேண்டிய அந்த இயந்திரத்தில் நாடா அடிக்கடி கிழிந்துபோகும். அதற்குப் பின் அதே பணிக்கு வந்ததே கொலோசஸ் என்ற புகழ்பெற்ற மின்னணுக் கணினி.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, ‘ரூப்’ என்பதைத் தனியே பிரித்து எழுதுவதில்லை. பெயர் முழுவதும் சேர்ந்தே இயந்திரம், திட்டம், ஏற்பாடு போன்ற சொற்களுக்கு முன்னால் அடையாக நிற்கும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கட்டுரையை மீண்டும் படித்தபோது, நோயாளியின் ஒரே ரசீது மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், வேலை கொடுத்தவர் என்று கைமாறிக்கொண்டே போவதை ஆசிரியர் அடுத்த பத்தியில் வரிசையாக விவரித்திருப்பதைக் கண்டேன். அந்தச் சங்கிலி பெயரோடு ஒட்டியதுதான் என்பது இப்போது விளங்குகிறது. ஆகவே முதல் இடத்தில் ‘கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க் வரைந்த இயந்திரங்களைப் போல, ஒரு சிறு வேலைக்காக ஒன்றையொன்று இழுக்கும் ஏற்பாடு’ என்று விரித்து எழுதிவிட்டு, இறுதிப் பத்தியில் ஆசிரியர் அதே பெயரைப் போகிற போக்கில் சொல்லுமிடத்தில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழக்கைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.