காத்து எனக்கு சாதகம், ஆனா கப்பல் நகர மாட்டேங்குது. நெட் பிரச்சனையா, கேம் பிரச்சனையா? (ஞாயித்துக்கெழம அடுத்த மேட்ச், அவசரம்)

பாலக்கோடு_பரிசல்:
எல்லாருக்கும் வணக்கம். ரோம் காலத்து கடல் சண்டை வெச்சு நடக்குற ஆன்லைன் டோர்னமென்ட் ஒண்ணுல ஆடிட்டு இருக்கேன், டர்ன் பை டர்ன் கேம், மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிக்கணும். போன ஞாயிறு ராத்திரி மொத மேட்ச் தோத்துட்டேன். தோத்தது கூட பரவால்ல, எப்படி தோத்தேன்னு தான் புரியல. நான் கார்த்தேஜ் (வட ஆப்பிரிக்கால ரோமுக்கு எதிரியா இருந்த நகரம்), எதிராளி ரோம், காத்து எனக்கு பின்னாடி இருந்து அடிக்குது, அவனுக்கு மூஞ்சில அடிக்குது, அப்படி இருந்தும் அவன் கப்பல் ஒரு டர்னுக்கு ஆறு கட்டம் போகுது என்னுது நாலே கட்டம். திருப்புறதுக்கே ஒரு டர்ன் போயிடுது, அதுக்குள்ள சைடுல வந்து இடிச்சுட்டு போயிடறான். ஒம்பதாவது டர்ன்ல முடிஞ்சுது.

எங்க தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரல, மொட்டமாடி ரூம்ல போன் ஹாட்ஸ்பாட் போட்டு தான் ஆடறேன். மேட்ச் நடுவுல ரெண்டு தடவ கனெக்ட் ஆகாம சுத்துச்சு. கேம அழிச்சு திரும்ப போட்டாச்சு, நடத்துறவங்கள கேட்டா எல்லாருக்கும் ஒரே ரூல் தான்னு ஒரு வரில முடிச்சுட்டாங்க. என்ன பண்றது?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
பிங் (நெட் தாமதம்) எவ்ளோ காட்டுது ப்ரோ? கிராஃபிக்ஸ கொறச்சு வெச்சு பாருங்க, பேக்ரவுண்ட்ல அப்டேட் எதாவது ஓடுதான்னும் பாருங்க. எனக்கும் வீட்ல மாடிப்படி பக்கம் போனா தான் சிக்னலே.

பாலக்கோடு_பரிசல்:
பிங் 180, சில நேரம் 400 தாண்டுது. கிராஃபிக்ஸ் கொறச்சும் அதே நாலு கட்டம் தான் ப்ரோ.

தொப்பூர்_மேடு:
தம்பி, பிங்க விடு. டர்ன் பை டர்ன் கேம்ல எத்தன கட்டம் போகணும்னு சர்வர் கணக்கு போடுது, உன் நெட் மோசமா இருந்தா உன் டைமர் ஓடி முடியும், அவ்ளோதான், ஆறு கட்டத்த நாலாக்க முடியாது. எந்த போர்னு போட்டிருக்கான் அந்த மேட்ச்ல?

பாலக்கோடு_பரிசல்:
ஏகேட்ஸ் தீவுன்னு இருக்குங்ணா, சிசிலி பக்கம், கி.மு. 241, மார்ச் 10.

தொப்பூர்_மேடு:
அட அதான! உன் கப்பல்ல லோடு இருக்குப்பா. சிசிலில எரிக்ஸ் மலைல மாட்டிக்கிட்ட படைக்கு தானியமும் சாமானும் கொண்டு போற கப்பலுங்க அதெல்லாம். கார்த்தேஜ் தளபதி ஹன்னோ போட்ட பிளான் என்னன்னா, கரைக்கு போய் சரக்க எறக்கிட்டு, அங்க இருக்குற நல்ல சிப்பாய்ங்கள ஏத்திக்கிட்டு அப்புறமா சண்டைக்கு வரலாம்னு. ரோம் தளபதி கேட்டுலஸ் அந்த சான்ஸ் குடுக்கவே இல்ல, எதிர்காத்து, கடலும் கொந்தளிப்பு, இருந்தாலும் இன்னைக்கு விட்டா நாளைக்கு இவன் லோடு எறக்கிடுவான்னு கெளம்பி வந்து குறுக்க நின்னுட்டான். சண்டைன்னு வந்ததும் பாய எறக்கிட்டு துடுப்புல தான் ஓட்டணும், அதனால பின்காத்து உனக்கு பெருசா ஒண்ணும் கிழிக்காது. மாங்கா சீசன்ல ஃபுல் லோடு லாரி தொப்பூர் மேடு ஏறறத பாத்திருப்பல்ல, பக்கத்துல காலி வண்டி சர்ருன்னு போகும். அதே கதை.

கப்பல் மேல கிளிக் பண்ணி சரக்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாரு.

பாலக்கோடு_பரிசல்:
இருக்குங்ணா!! கீழ சின்னதா 'சரக்கு முழுசு, வீரர் கொறைவு'. நாலு நாளா ரௌட்டர திட்டிட்டு இருந்தேன், ரௌட்டரே கெடையாது, போன தான் திட்டினேன்.

ஆனா அவன் கப்பல் மட்டும் ஏன் அவ்ளோ வேகம்?

தொப்பூர்_மேடு:
அதுவும் உங்க ஆளு கப்பல பாத்து செஞ்சது தான். சிசிலில கார்த்தேஜ் கைல இருந்த லிலிபேயம் ஊர ரோம் முற்றுகை போட்டப்ப, ரோம் காவல தாண்டி உள்ள போய்ட்டு வந்துட்டு இருந்த ஒரு கார்த்தேஜ் கேப்டனோட கப்பல புடிச்சு, அத மாடலா வெச்சு புதுசா 200 கட்டினாங்க. கஜானால காசில்ல, ஊர் பணக்காரங்க ஒருத்தர், ரெண்டு மூணு பேர்னு சேந்து ஒவ்வொரு கப்பல் செலவையும் கடனா குடுத்தாங்க. ஆளுங்களுக்கு தெனம் ப்ராக்டிஸ் வேற. கார்த்தேஜ் பக்கம் 50 முழுகி 70 மாட்டுச்சு, 23 வருஷ யுத்தம் அத்தோட முடிஞ்சுது.

காவேரிப்பட்டணம்_காக்கா:
அடுத்த மேட்ச் பக்கம் மாறுமா? ரோம் வந்தா காக்கா பாலத்த போட்டு ஏறி குதிச்சுடுங்க, லத்தீன்ல கோர்வஸ்னா காக்கா, என் பேரே அதான் 😀

பாலக்கோடு_பரிசல்:
ஆமா இந்த தடவ நான் ரோம், நானும் அத தான் யோசிச்சிருந்தேன்.

தொப்பூர்_மேடு:
வேணாம். அது கி.மு. 260ல சிசிலி பக்கம் மைலே சண்டைல நல்லா வேல செஞ்சுது, 36 அடி பலகை, நுனில கூரான இரும்பு முள்ளு, எதிரி கப்பல்ல அப்படியே குத்தி நிக்கும், கடல் தெரியாத ரோம் சிப்பாய்க்கு தரைல சண்ட போடற மாதிரி ஆயிடும். ஆனா முன்னாடி அவ்ளோ வெயிட்ட தூக்கி வெச்சா அலைல என்னாகும்? கி.மு. 255ல சிசிலி தெக்கு கரைல கமரினா பக்கம் புயல்ல 364 கப்பல்ல 80 தான் மிச்சம்னு பொலிபியஸ்ங்கற கிரேக்க வரலாற்று ஆசிரியர் எழுதறார், அதுக்கு இந்த பலகையும் ஒரு காரணமா இருக்கும்னு பல பேர் சொல்றாங்க. 241 சண்டைல அது இருந்ததா பேச்சே இல்ல. மேட்ச்ல கொந்தளிப்புன்னு போட்டிருந்தா கழட்டிடு, லேசா வெச்சுக்க, இடிச்சுட்டு வெலகு.

பாலக்கோடு_பரிசல்:
இப்ப கம்ப்யூட்டரோட ரெண்டு கேம் ஆடி பாத்தேன். கார்த்தேஜ்ல சரக்க தண்ணில தள்ளினா ஆறு கட்டம் போகுது, ஆனா பாயின்ட் பாதி போயிடுது. ரோம்ல பலகை இல்லாம ஏழு கட்டம்! ரொம்ப நன்றிங்ணா. ஞாயிறு 11:30க்கு அலாரம் வெச்சுட்டேன்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
இருங்க ப்ரோ, அது ஐரோப்பா டைம் 7 மணியா? வர்ற ஞாயிறு மார்ச் கடைசி ஞாயிறு, அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க. நமக்கு 10:30. எங்க கிளையன்ட் கால் வருஷா வருஷம் இதுல தான் கோட்டை விடுவோம்.

பாலக்கோடு_பரிசல்:
ஐயோ. சாப்பிட்டுட்டு பத்து மணிக்கே மாடி ஏறிடறேன். போன் சார்ஜ் ஃபுல்லா, கரண்ட் போனாலும் லேப்டாப் ரெண்டு மணி நேரம் தாங்கும்.