புதுப்பிப்பு: வேப் காயிலுக்கு ரேயான் திரி

வேப் எனும் மின் சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்தான் காயில்; அதனுள் திரவத்தை உறிஞ்சி வைத்திருப்பது திரி. நானே சுற்றும் காயில்களில் திரியாகப் பஞ்சை விட்டு ரேயானுக்கு மாறுவதாக முன்பு எழுதியிருந்தேன். ரேயானை முதலில் வேகவைக்க வேண்டுமா, காயிலுக்குள் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

வேகவைக்க வேண்டாம். வெளுக்காத பஞ்சில் இயற்கை மெழுகு உண்டு, அதைப் போக்கத்தான் வேகவைப்பது; ரேயான் மரக்கூழைக் கரைத்து இழுத்த செல்லுலோஸ் இழை, அந்த மெழுகு அதில் கிடையாது. நான் வாங்குவது, அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டும்போது மருந்து முகத்தில் வழியாமல் இருக்கச் சுற்றும் நீளப் பட்டை. வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சு நனைந்ததும் உப்பிக் காயிலை நிரப்பிவிடும். ரேயான் அந்த அளவுக்கு உப்புவதில்லை. ஆகவே உலர்ந்த நிலையிலேயே, பஞ்சு வைப்பதைவிட நெருக்கமாக நிரப்ப வேண்டும். பட்டையை இழை ஓடும் திசையில் கிழித்து, முனையை முறுக்கி நுழைத்து, மெதுவாக இழுங்கள். கம்பி சற்றே அசையலாம், வளையக் கூடாது. முறுக்கிய முனையைப் பிறகு வெட்டிவிடுங்கள். நனைந்த ரேயான் வலுவிழந்துவிடும் என்பதால் திரவம் ஊற்றிய பின் இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், பிய்ந்துவிடும்.

பஞ்சில் முதலில் வரும் காகித வாடை இதில் இல்லை. எனக்கு அதுவே போதும். இனிப் பஞ்சுக்குத் திரும்பப் போவதில்லை.