ஆடிக் காத்துல கமாடோ: கதவை எவ்வளவு திறக்கறீங்க?

மேக்காத்து (பல்லடம்):

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் வெளியில் அடுப்பு மூட்டுகிறவர்கள் பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று ஒரு தடையும் இல்லாமல் அடித்துக்கொண்டு போகும். கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில் சின்ன செராமிக் கிரில்லை வைத்துக்கொண்டு சமைப்பதைப் பற்றி எழுதுகிறேன். 13 அங்குலத் தட்டு உள்ள கமாடோ, அதாவது முட்டை வடிவ மூடி போட்ட கரி அடுப்பு, தோட்டத்துச் சாளைக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகிற அளவு. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். இதைப் பற்றிக் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள் போட்டது. அவர்களுக்கு நம்ம மேக்காத்தும் தெரியாது, தொட்டிக் கரியும் (கொட்டாங்குச்சிக் கரி) தெரியாது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: கீழே ஒரு கதவு, மேலே மூடியில் ஒரு திறப்பு, நடுவில் தடித்த செராமிக் சுவர். சூடான காற்று மேலே வெளியேறும்போது கீழ்க் கதவு வழியாகப் புதுக்காற்றை இழுக்கிறது. எவ்வளவு கரி கொட்டியிருந்தாலும் உள்ளே வருகிற காற்றுக்குத் தகுந்த அளவுதான் எரியும். ஆகவே சூட்டைக் குறைக்க யாரும் கங்கை அள்ள வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். கரி இஸ்திரிப் பெட்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்துக் கனிய விடுவார்களே, அதே கணக்கு.

நான் கதவைப் பெரிய மாற்றங்களுக்கும், மேல் திறப்பைச் சின்னத் திருத்தங்களுக்கும் வைத்துக்கொள்கிறேன். காற்றில்லாத நாளில் 120 டிகிரி (செல்சியஸ்) வேண்டுமென்றால் கீழ்க் கதவில் அரை விரல் இடைவெளி, மேல் திறப்பில் ஒரு கீற்று. 180 வேண்டுமென்றால் கீழ்க் கதவில் ஒன்றரை விரல், மேல் திறப்பில் கால் பங்கு. இது என் கிரில்லின் அளவு. உங்களுடையதில் மாறும். பெரிய கமாடோவில் கதவு கொஞ்சம் நகர்ந்தாலும் அது கண்டுகொள்ளாது. சின்னதில் தீக்குச்சி கனம் நகர்ந்தாலே மூடியில் இருக்கும் தெர்மாமீட்டரின் முள் ஏற ஆரம்பித்துவிடும்.

இப்போது காற்று. கதவு மேற்கே பார்த்திருந்தால், 120-க்கு வைத்தது தானாக 200 தாண்டிவிடும். அதனால் ஆடியில் கதவைக் கிழக்கே திருப்பிவிடுவேன். அது மட்டும் போதாது. மேல் திறப்பின் மீது காற்று உரசிக்கொண்டு போகும்போதும் உள்ளிருந்து இழுக்கும். வழக்கமாக விடும் கீற்றில் பாதி விட்டால் போதும். கட்டுத்தரைச் சுவர் மறைவில், சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வைத்தால் முள் ஓரளவு அடங்கி நிற்கும். சோளத்தட்டுப் போர் பக்கத்தில் இருக்கிற களத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஏறும்போதே பிடிப்பது. 180 வேண்டுமென்றால் 145, 150-லேயே சாத்த ஆரம்பித்துவிட வேண்டும். செராமிக் ஒரு முறை சூட்டை உறிஞ்சிவிட்டால் இறங்க ஒரு மணி நேரம் கூட ஆகும். மேலே போய்விட்டதே என்று மூடியைத் திறந்து ஆறவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திறந்தால் கங்குக்கு இன்னும் காற்று கிடைக்கும், அவ்வளவுதான்.

தொட்டிக்கரி (காங்கேயம்):

அண்ணா, காற்றைப் பற்றி நன்றாகச் சொன்னீங்க. ஆனால் கரியைச் சொல்லாமல் காற்றைப் பேசினால் பாதிதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் கொப்பரை, எண்ணெய் வியாபாரம் என்பதால் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமில்லை. சுட்ட தொட்டிக் கரி மூட்டை மூட்டையாக ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகளுக்குப் போகும். நல்ல கரி, சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் அது தட்டைத் தட்டையாக, வளைந்து இருக்கும். கிரில்லில் அப்படியே கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றுவழியை அடைத்துவிடும். கதவை முழுக்கத் திறந்தாலும் முள் 150-ஐத் தாண்டாது. என் மச்சான் கிரில்லே கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். நான் போய்க் கரியை வெளியே கொட்டிச் சலித்தேன். குருணையும் தூளும் தனியாக வந்தன. அடியில் பெரிய வேலமரக் கரித் துண்டுகளை அடுக்கி, மேலே தொட்டிக் கரியைப் போட்டதும் சரியாகிவிட்டது. கரி துண்டுதுண்டாக இடைவெளி விட்டு நின்றால்தான் கதவு சொல்வதை நெருப்பு கேட்கும்.

சீமைக் கருவேலங்கரி இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வருகிறது. அதில் பெரிய துண்டாகக் கேட்டு வாங்குங்கள். மரவள்ளி மாவு கலந்து அச்சில் அழுத்திய கட்டிகளும் விற்கிறார்கள். சாதாரண இரும்பு கிரில்லுக்கு அது பரவாயில்லை. கமாடோவில் பல மணி நேரம் எரியும்போது சாம்பல் குவிந்து அடித்தட்டின் ஓட்டைகளை மூடிவிடும். நான் தொடுவதில்லை.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். நாற்றம் செராமிக்கில் ஏறிவிட்டால் அடுத்த பல சமையலுக்கும் போகாது. தென்னை மரத்துப் பன்னாடையைச் சுருட்டி நடுவில் வைத்தால் போதும். மெதுவான சூட்டுக்கு ஒரே இடத்தில் பற்ற வையுங்கள். சுட்டெடுக்கிற அளவுக்கு வேண்டுமென்றால் மூன்று இடத்தில்.

மஞ்சக்காடு (ஈரோடு):

நான் கொஞ்சம் வேறு மாதிரி. ஒறம்பரை வந்தால் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி இல்லாமல் முடியாது. பிராய்லரை 180-ல் வைத்தால் வெந்து தோலும் முறுகிவிடும். நாட்டுக்கோழி, அதுவும் வயசான கோழி, அந்தச் சூட்டில் ரப்பர்தான். 130-க்குள் பிடித்து, அடியில் டிஃப்ளெக்டர் கல் (கங்குச் சூடு சட்டியில் நேராகப் படாமல் தடுக்கிற கல்) போட்டு, மண்சட்டியில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வைத்துவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கல்லை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தால் சூடு ஏறிக் கறி கடைசியாகச் சுருண்டு வரும். பள்ளிபாளையம் சிக்கன் என்று சொல்ல மாட்டேன், அதற்கு இரும்பு வாணலி வேண்டும். ஆனாலும் அந்த வழியில் வந்ததுதான். மாமனார் முதலில் "இந்த முட்டைக்குள்ள கறி வேகுமா" என்றார். இப்போது யாராவது வந்தால் அவரே கரி எடுத்து வைக்கிறார்.

என் தொல்லை கொழுந்தனார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்பார். மூடினதும் பழைய சூட்டுக்கு வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பார். வரும், ஏனென்றால் சுவர் சூடாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு திறப்பிலும் கங்கு கூடுதலாகக் கனிகிறது. நாலு முறை திறந்த பிறகு பார்த்தால் 130 என்று வைத்தது 165-ல் நிற்கும். இப்போது இறைச்சிக்குள் குத்துகிற ப்ரோப் தெர்மாமீட்டரின் டிஸ்ப்ளேயை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். கோழி உள்ளே 74 டிகிரி காட்டினால் வெந்தது என்று அர்த்தம், அதுவரை மூடி பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. நாட்டுக்கோழிக்கு 74 வந்தாலும் மெத்தென்று ஆக இன்னும் நேரம் வேண்டும், அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளகோவில் தம்பி:

அக்கா, டிஃப்ளெக்டர் கல் இல்லாமல் செய்ய முடியாதுங்களா?

மஞ்சக்காடு (ஈரோடு):

முடியும் கண்ணு, கரியை ஒரு ஓரமாகத் தள்ளிச் சட்டியை மறு ஓரம் வைக்கலாம். ஆனால் 13 அங்குலத்தில் ஓரம் எங்கே இருக்கிறது? கல் வாங்கிவிடு.

குளிர்காடு (கோத்தகிரி):

நீலகிரியையும் கொங்கோடு சேர்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். எங்களுக்குக் காற்றை விட ஈரம்தான் பிரச்சினை. மழையில் நனைந்த செராமிக் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படி இருக்கும்போது நேராகப் பெரிய நெருப்புக்குப் போனால் உள்ளே ஆவி அடைத்து வெடிப்பு விடலாம். நான் முதலில் 100-லிருந்து 120-க்குள் ஒரு மணி நேரம் விட்டு உலர்த்துவேன். அதுவரை முள் தடுமாறும், ஏனென்றால் பாதிச் சூடு தண்ணீரை ஓட்டுவதற்கே போய்விடும். கரியும் நமுத்திருந்தால் வெள்ளைப் புகை போகாது. அந்தப் புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆன பிறகுதான் கறியை உள்ளே வைக்கிறேன். அவசரப்பட்டால் கறி கசக்கும்.

இன்னொன்று. மூடியில் இருக்கும் தெர்மாமீட்டரை நம்புவதற்கு முன் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஆனால் 100 காட்டவில்லை என்று திருகிவிடாதீர்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கோயம்புத்தூரில் 98.5-ஐ ஒட்டி, எங்கள் ஊரில் 94-ஐ ஒட்டி, ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அது சரியாக இருந்தாலும் மூடியில் காட்டுவதும் தட்டில் இருப்பதும் ஒன்றல்ல. தட்டு மட்டத்தில் ஒரு ப்ரோப் வைத்து வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

மச்சு வீடு (கோவை):

இரண்டு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் சூட்டைக் குறைக்கக் கீழ்க் கதவு, மேல் திறப்பு இரண்டையும் முக்கால்வாசி சாத்தியிருந்தார். உள்ளே கங்கு நல்ல செக்கச் செவேல். பத்து நிமிடம் கழித்து மூடியை ஒரே வீச்சில் தூக்கினார். புஸ்ஸென்று ஒரு நெருப்பு முகம் வரை வந்தது. புருவம் போனது, வேறு ஒன்றும் ஆகவில்லை. காற்றுக்குப் பட்டினி கிடந்த நெருப்பிலிருந்து எரியாத வாயு உள்ளே சேர்ந்திருக்கும். திடீரென்று காற்று கிடைத்ததும் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். மூடியை இரண்டு விரல் தூக்கி, ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி தாழ்த்தி, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டும். முழங்கை வரை வரும் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.

இரண்டாவது, தூக்கிக்கொண்டு போகிற கிரில் என்பதால் வருகிற வினை. சின்ன கமாடோவே முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆழியாறு பக்கம் தோப்பில் சமைத்துவிட்டு, இரண்டு கதவையும் சாத்திவிட்டோமே, அணைந்துவிடும் என்று இரண்டு மணி நேரத்தில் டிக்கியில் ஏற்றிவிட்டார்கள் எங்கள் கூட்டத்தில். பொள்ளாச்சி வருவதற்குள் பின்சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தலைவலி, குமட்டல். கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரம் கட்டினார்கள். அணையாத கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெளிப்பக்கம் கைச்சூட்டுக்கு வந்தது என்பதற்காக உள்ளே கங்கு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று ராத்திரி அங்கேயே தங்குவதாக இருந்தால் மட்டும் எடுத்துப் போங்கள். மழை வந்தாலும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துக்கொண்டு போகக்கூடாது. ஆழியாறைத் தாண்டி மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நெருப்பு மூட்டவே கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேக்காத்து (பல்லடம்):

எல்லோருக்கும் நன்றிங்க. காங்கேயத்துத் தம்பி சொன்னபடி அடியில் வேலங்கரி, மேலே தொட்டிக் கரி என்று நேற்று போட்டுப் பார்த்தேன். காற்று பலமாகத்தான் இருந்தது. 120-ல் வைத்தது 115-க்கும் 130-க்கும் நடுவில் மதியம் முழுக்க நின்றது. கதவு கிழக்கே, சுவர் மறைவு, மேலே நூலளவு.

ஒரு சந்தேகம். சமைத்து முடித்துச் சாத்திய பிறகு மிச்சமாகும் கரியை அடுத்த முறை அப்படியே பற்ற வைக்கிறீர்களா, புதுக்கரி கலக்கிறீர்களா?

தொட்டிக்கரி (காங்கேயம்):

ஒரு குச்சியால் கிளறிச் சாம்பலைக் கீழே இறக்கிவிட்டு, கதவு வழியாக வழித்து எடுத்துவிடுவேன் அண்ணா. மிச்சத்தில் பெரியதாக இருப்பதை அடியில் தள்ளிவிட்டுப் புதுக்கரியை மேலே போடுவேன். பாதி எரிந்த கரி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அதனால் வழக்கத்தை விடக் கொஞ்சம் முன்னாடியே சாத்த ஆரம்பியுங்கள். பெருவிரல் நகத்தை விடச் சின்னதாக இருப்பதையெல்லாம் நான் பொறுக்கி எங்கள் ஆத்தாவின் இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுத்துவிடுவேன்.