மெட்ராஸ் ட்ராமை சாகவிட்டது சரியா தப்பா?

ரயில்கிறுக்கன்: மெட்ரோவுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருக்கோம், ஆனா 1895 மே 7-லயே இங்க கரண்ட்ல ட்ராம் ஓடுச்சு, இந்தியாவுலயே முதல் எலெக்ட்ரிக் ட்ராம் நம்மளது, அப்போ லண்டன்லயே ட்ராமை குதிரைதான் இழுத்துட்டு இருந்துச்சு. கல்கத்தாவுக்கு 1902-லயும் பம்பாய்க்கு 1907-லயும்தான் கரண்ட் ட்ராம் வந்துச்சு. அப்படிப்பட்டதை 1953 ஏப்ரல்ல மூடிட்டாங்க. சுத்த முட்டாள்தனம்.

மவுன்ட்ரோடு மணி: திரும்பவும் ஆரம்பிச்சாச்சா 😂 மூடிட்டாங்க மூடிட்டாங்கன்றீங்க, யாரு மூடினா? அது தனியார் கம்பெனி சார், காசில்லாம தானா படுத்துச்சு. முதல்ல நடத்தின கம்பெனியே தாக்குப்பிடிக்கல, 1904-ல வேற கம்பெனி கைக்குப் போச்சு. அப்புறம் அந்த 1895 பெருமை... ரோட்டுக்கு அடியில குழி வெட்டி அதுக்குள்ள கரண்ட் கம்பி ஓட்டினாங்க, நம்மூர் மழைக்கு அது என்ன ஆகும்னு யாரும் யோசிக்கல போல, ஐப்பசி கார்த்திகை வந்தா தண்ணி உள்ள பூந்துடும், வேற வழியில்லாம அப்புறம் தலைக்கு மேல ஒயர் கட்டினாங்க.

ரயில்கிறுக்கன்: கட்டினாங்கல்ல? அதுக்கப்புறம் 1921-ல 97 வண்டி, 24 கிலோமீட்டர் லைன். பாரிமுனை, ஹார்பர், மவுன்ட் ரோடுன்னு வேலைக்குப் போறவன் கடைக்குப் போறவன் எல்லாம் அதுலதான். இது தோத்துப்போன சிஸ்டமா?

கடற்கரை கவிதா: மணி அண்ணா சொல்றதுல பாதி சரி. ஊர் தெக்கயும் மேக்கயும் வளர்ந்துச்சு, தி.நகர் 1920-கள்ல வந்துச்சு, பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு 1931-ல எலெக்ட்ரிக் ரயில் வந்துச்சு, ட்ராம் மட்டும் பழைய ஊருக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. புது தண்டவாளம் போட காசு வேணும், பஸ்ஸுக்கு ரோடு இருந்தா போதும். ஆனா தானா படுத்துச்சுன்னு சொல்றது ஒத்துக்க முடியாது. 1947-ல கவர்மென்ட் சிட்டி பஸ்ஸை கையில எடுத்துச்சு, கரண்ட் கம்பெனியையும் எடுத்துச்சு. ட்ராமை மட்டும் ஏன் எடுக்கல? வேலை போன கண்டக்டர் டிரைவர் எல்லாம் எங்க போனாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?

மவுன்ட்ரோடு மணி: எடுத்திருந்தா மட்டும்? பம்பாயைப் பாருங்க. அங்க பஸ், ட்ராம் ஓட்டின பெஸ்ட் (BEST) கம்பெனியை 1947-ல மாநகராட்சியே வாங்குச்சு. அப்படியும் 1964 மார்ச் 31-ல கடைசி ட்ராம் ஓடி முடிஞ்சுது. லண்டனும் 1952-ல மூடிட்டான். கல்கத்தாவுல இழுத்துப் பிடிச்சாங்க, 2024-ல அவங்களும் ஒரு சின்ன ரூட்டைத் தவிர மத்ததை நிறுத்தப்போறோம்னு சொல்லிட்டாங்க. எல்லா ஊருமா முட்டாள்?

ரயில்கிறுக்கன்: பாரிஸ் 1938-ல மூடினான், 1992-ல திரும்பக் கொண்டுவந்தான். அதே வருஷம் மான்செஸ்டரும். அதையும் சேர்த்து சொல்லுங்க.

மவுன்ட்ரோடு மணி: அவன் ட்ராமுக்குன்னு தனி வழி விட்டான் சார். நம்ம பழைய ட்ராம் நட்ட நடு ரோட்ல மாட்டுவண்டி, சைக்கிள், பஸ் எல்லாத்தோடயும் மல்லுக்கட்டிட்டு போச்சு, ஏறணும்னா ஜனங்க ஓடுற வண்டிக்கு நடுவுல போய் நிக்கணும்.

கடற்கரை கவிதா: அப்போ குத்தம் ட்ராம் மேல இல்ல, ரோட்டை பங்கு போட்ட விதத்து மேல. அதைத்தானே நானும் சொல்றேன்.

மவுன்ட்ரோடு மணி: சரி இன்னைக்கே தனி லேன் குடுக்கலாம்னு வைங்க, மவுன்ட் ரோட்ல எதை எடுப்பீங்க? பஸ் போற இடத்தையா?

ரயில்கிறுக்கன்: ஓரத்துல நாள் முழுக்க சும்மா நிக்கிற காருங்களை எடுப்பேன்.

மவுன்ட்ரோடு மணி: எலக்ஷன்ல நின்னுடாதீங்க சார், டெபாசிட் போயிடும்.